மார்லீஸ்ல கோல் அடிச்சா மட்டும் லீஃப்ஸுக்குப் போகேலாது: ஏஎச்எல் பெடியளைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம்

#1 ரமணன்_ஸ்காபரோ

ஐஸ் ஹொக்கியில மேல இருக்கிற லீக் என்எச்எல், அதுக்கு அடுத்த படி ஏஎச்எல்; ரொறன்ரோவில லீஃப்ஸ் மேல ஆடுது, மார்லீஸ் அதின்ர ஏஎச்எல் ரீம். வான்கூவரின்ர ஏஎச்எல் ரீம் அபட்ஸ்ஃபோர்ட் கனக்ஸ் 2025 ஜூன்ல அந்த லீக்கின்ர கிண்ணமான கால்டர் கப் எடுத்த பிறகும் மற்ற இழையில அதே கதைதான் ஓடுது, இந்தப் பெடியன் ஏஎச்எல்ல இவ்வளவு கோல் அடிச்சிருக்கிறான், ஏன் மேல எடுக்கேல்லை, மனேஜ்மென்ற்றுக்குக் கண் தெரியாதோ எண்டு. அங்க பதில் எழுதினா சண்டைக்குள்ள அமுங்கிப் போயிடும், அதால தனிய எழுதுறன். நான் கனகாலமா மார்லீஸ் ஆட்டம் பாக்கிற ஆள். லீஃப்ஸ் ரிக்கெற் வாங்கக் கட்டுபடியாகாத காலத்தில எக்ஸிபிஷன் பிளேஸ் பக்கம் போகத் துவங்கினது, இப்பவும் விடேல்லை, எனக்கு இந்தப் பெடியள்தான் விருப்பம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒருத்தன்ர கோல் கணக்கு அவனை மேல கொண்டுபோகாது. மேல எந்த வேலை காலியாக் கிடக்கு, அந்த வேலையை இவன் செய்வானா, இவன்ர ஒப்பந்தம் என்ன நிலையில இருக்கு, இந்த மூண்டும்தான் முடிவு செய்யுது.

அலெக்சாண்டர் ஷிரூ எண்டு ஒருத்தர், 2008-09 சீசன்ல ஹெர்ஷி பெயர்ஸுக்கு 60 கோல் அடிச்சவர், லீக்கின்ர எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). என்எச்எல்ல மொத்தமா 50 ஆட்டம் கூட அவருக்குக் கிடைக்கேல்லை. எங்கட மார்லீஸ்ல டி.ஜே. பிரென்னன், ஏஎச்எல்லின்ர சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான எடி ஷோர் விருதை ரெண்டு தரம் எடுத்தவர், மேல 53 ஆட்டத்தோட சரி. இன்னும் பின்னால போனா வில்லி மார்ஷல், ஏஎச்எல் வரலாற்றில 1,375 புள்ளியோட (கோலும் கோலுக்கு உதவின பாஸும் சேர்த்த கணக்கு) இண்டைக்கும் முதலாவதா நிக்கிறவர், லீஃப்ஸுக்கு ஆடினது 33 ஆட்டம். அவர்ர காலத்தில மேல ஆறு ரீம்தான், ஆறு ரீமுக்குள்ள ஆர் போய் இடம் பிடிக்கிறது?

இதுக்கு மற்றப் பக்கம் ஜஸ்ரின் ஹோல். டிராஃப்ட்ல, அதாவது ரீம்கள் முறை வச்சுப் புதுப் பெடியளைத் தெரியிறதில, சிக்காகோ ரெண்டாவது சுற்றில எடுத்த ஆள், ஆனாலும் ஏஎச்எல்லுக்கும் கீழ இருக்கிற ஈசிஎச்எல்ல இண்டி ஃபியூவல் மட்டும் இறங்கிப் போய், பிறகு மார்லீஸ். 2018ல மேல வரச்சொல்லி ஒரு அழைப்புக் கிடைச்சுது, முதல் ரெண்டு ஆட்டத்திலயும் ஒவ்வொரு கோல். அதுக்குப் பிறகு திரும்ப அனுப்பிட்டினம். அடுத்த சீசன் முழுக்க லீஃப்ஸோட இருந்தும் 11 ஆட்டம்தான் குடுத்தவை. பிறகுதான் நிரந்தர இடம். வலது கை டிஃபென்ஸ்மேன், பெனால்டி கில்லுக்கு (தண்டனையில ஒராள் வெளிய இருக்கேக்க எதிர் ரீமைத் தடுக்கிறது) நம்பி விடலாம், அந்த வேலைக்கு அப்ப ஆள் இல்லை. அந்த ரெண்டு கோலும் அவரை வச்சிருக்கேல்லை, பெனால்டி கில்தான் வச்சிருந்தது.

#2 தென்றல்77

நல்ல பதிவு ரமணன் அண்ணா, ஆனா பாதிதான் ஒத்துக்கறேன். நான் கால்கரில இருக்கேன், இங்க இருக்கற ஏஎச்எல் டீம் ராங்லர்ஸ் ஆட்டத்துக்கு அடிக்கடி போவேன். என்எச்எல் டீம் ஆடற அதே சேடில்டோம் அரங்கத்துல கீழ் டீமும் ஆடுது, லாக்கர் ரூம்தான் வேற. ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு அந்தப் பக்கம் போக முடியாம ஒரு பையன் மூணு வருஷம் நிக்கறான்னா அதுல எல்லாம் வேலை காலி இல்லைங்கற கணக்கு மட்டும் இல்ல. பிப்ரவரி மார்ச்ல டிரேட் டெட்லைன் (டீம்கள் ஆள் மாத்திக்கற கடைசி நாள்) வந்தா 34 வயசு ஆளை ஒரு டிராஃப்ட் பிக் (டிராஃப்ட்ல ஒரு பையனை எடுக்கற உரிமை) குடுத்து வாங்கறாங்க, அந்த இடத்துக்கு நாலு மாசமா காத்துக்கிட்டு இருந்த பையன் திரும்ப பஸ் ஏறணும். பெரிய டீம் எல்லாமே இதத்தான் பண்ணுது, இதுல பையனோட திறமைக்கு என்ன சம்பந்தம் சொல்லுங்க.

#3 மிசிசாகா_வாசுகி

எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி, குறை நினைக்காதேங்கோ. என்ர மகன் இப்ப 14, ஜிரிஎச்எல்ல (ரொறன்ரோச் சிறுவர் லீக்) ஆடுறான், அதால இதெல்லாம் வாசிக்கத் துவங்கியிருக்கிறன். மற்ற இழையில வேவர்ஸ் வேவர்ஸ் எண்டு எல்லாரும் எழுதுறீங்கள், அது என்ன, அதுக்கும் ஒரு பெடியன் மேல போறதுக்கும் என்ன தொடர்பு?

#4 நீலக்கோடு

வாசுகி அக்கா, நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஒரு என்எச்எல் டீம்ல 23 பேர் வரைக்கும் வச்சுக்கலாம், அதுல ஒரு ஆட்டத்துக்கு 20 பேர் இறங்குவாங்க, 12 ஃபார்வர்ட் 6 டிஃபென்ஸ் 2 கோலி (வலையைக் காக்கறவங்க). டீம் மொத்தமா 50 பேரோட ஒப்பந்தம் போடலாம். அப்ப மிச்சம் இருக்கறவங்க பெரும்பாலும் ஏஎச்எல்ல இருப்பாங்க. 32 என்எச்எல் டீமுக்கும் ஆளுக்கு ஒரு ஏஎச்எல் டீம், அதுக்கும் கீழ ஈசிஎச்எல்.

இப்ப மேல இருக்கற ஒருத்தனை கீழ அனுப்பணும்னா மத்த 31 டீமுக்கும் "வேணும்னா எடுத்துக்கோங்க"ன்னு ஒரு நாள் அவகாசம் குடுக்கணும், அதுதான் வேவர்ஸ். யாராவது எடுத்தா பையன் அங்க போயிடுவான், பதிலுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஆனா சின்னப் பசங்களுக்கு விலக்கு உண்டு. 18 வயசுல ஒப்பந்தம் போட்ட ஒரு ஃபார்வர்டுக்கு அஞ்சு வருஷம் இல்லன்னா 160 என்எச்எல் ஆட்டம், எது முன்னாடி வருதோ அது வரைக்கும் எத்தனை தடவை வேணாலும் மேல கீழ அனுப்பலாம். 20 வயசுல போட்டிருந்தா மூணு வருஷம். கோலிக்கு கணக்கு வேற.

இதுனால என்ன ஆகும்னா, கேம்ப் கடைசி வாரத்துல ரெண்டு பேர் ஒரே அளவுக்கு நல்லா ஆடினா, விலக்கு இருக்கற பையன்தான் கீழ போவான். அவன் மோசம்னு இல்ல, அவனை அனுப்பினா யாரும் தூக்கிட்டு போக முடியாது, அவ்ளோதான். விலக்கு முடிஞ்ச வருஷம் வந்தா நிலைமை அப்படியே மாறும், டீம் ஒண்ணு வச்சுக்கணும், இல்ல இழக்கணும், இல்ல முன்னாடியே டிரேட் பண்ணிடணும். அதனால செப்டம்பர்ல யார் பேரு லிஸ்ட்ல வருதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி அவன் விலக்கு எப்ப முடியுதுன்னு பாருங்க, பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிடும்.

#5 கடைசிவலை_மொன்றியல்

நீலக்கோடு சொன்னதுக்கு 2025 கோடையிலேயே உதாரணம் இருக்கு. ஆர்டுர்ஸ் ஷிலோவ்ஸ்.

லாத்வியாப் பெடியன், கோலி, 2019ல ஆறாவது சுற்றில வான்கூவர் எடுத்தது. 2023 உலக சாம்பியன்ஷிப்பில லாத்வியாவுக்கு அவையின்ர வரலாற்றிலயே முதல் பதக்கம், வெண்கலம், எடுத்துக் குடுத்து அந்தப் போட்டியின்ர எம்விபியும் ஆனவர். 2024 பிளேஆஃப்ல மற்றக் கோலிமார் டெம்கோவும் டிஸ்மித்தும் காயப்பட வான்கூவருக்கு வலையில நிண்டவர். 2025ல அபட்ஸ்ஃபோர்ட்டுக்கு பிளேஆஃப்ல அஞ்சு ஷட்-அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்), கிண்ணம், எம்விபி. இதுக்கு மேல ஒரு கோலி என்னத்தைக் காட்டுறது? அந்த ஜூலையில பிற்ஸ்பர்க்குக்கு மாத்திப்போட்டினம், ஒரு பெடியனும் ஒரு நாலாவது சுற்றுப் பிக்கும்தான் பதிலுக்கு. ஏன் எண்டால் அப்ப மேல டெம்கோவும் லான்கினனும் இருந்தவை, இவரைத் திரும்ப அபட்ஸ்ஃபோர்ட்டுக்கு அனுப்ப வேவர்ஸ் வேணும், ஆராவது கட்டாயம் தூக்கியிருப்பினம். வென்ற கிண்ணம் காய முதல் ஆள் வேற நகரத்தில.

நான் இதைக் கவலையாச் சொல்லேல்லை, அவருக்கு இது நல்லது. பிற்ஸ்பர்க்கில உண்மையா ஒரு இடம் இருந்தது.

கோலிமாருக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். 32 ரீம், ரெண்டு பேர் வீதம் 64 வேலை, உலகம் முழுக்க அவ்வளவுதான். ஃபார்வர்ட் ஒருத்தன் நாலாவது லைன்ல எட்டு நிமிசம் ஆடிக் காட்டலாம், கோலிக்கு அப்பிடி ஒண்டு இல்லை, ஒண்டில் நிக்கிறான் இல்லாட்டி வாங்கில இருக்கிறான்.

#6 ரமணன்_ஸ்காபரோ

தம்பி தென்றல், டெட்லைன் கதை உண்மை, அதை நான் மறுக்கேல்லை. ஆனால் அந்தக் கதவு அடைபட்டாலும் வேற ரீமில திறக்கும் எண்டதையும் பாருங்கோ. 2018ல மார்லீஸ் ரெக்ஸாஸ் ஸ்டார்ஸை ஏழாவது ஆட்டத்தில 6-1 எண்டு வெண்டு கால்டர் கப் எடுத்த ரீமை எடுங்கோ. ட்ரெவர் மூர், டிராஃப்ட்ல ஒருத்தரும் எடுக்காத பெடியன், டென்வர் பல்கலைக்கழகத்தில இருந்து வந்தவர். லீஃப்ஸ் 2020ல லொஸ் ஏஞ்சலஸுக்கு மாத்தினது, 2023-24ல அங்க 31 கோல். மேசன் மார்ச்மென்ற், அவரையும் டிராஃப்ட்ல எடுக்கேல்லை, முதல்ல வெறும் ஏஎச்எல் ஒப்பந்தம், ஒர்லாண்டோவில ஈசிஎச்எல்லும் ஆடினவர். அவரை ஃபுளோரிடாவுக்குக் குடுக்கேக்க இங்க ஒருத்தரும் பெரிசாக் கவலைப்படேல்லை, பிறகு டலஸ்ல ஒரு சீசனுக்கு 20 கோலுக்கு மேல அடிக்கிற ஆளா வந்தார், 2025 ஜூன்ல அவரை சியாட்டலுக்கு மாத்தினவை.

கோலிக் கதைக்கும் அதே ரீமில ஒண்டு இருக்கு. காரெட் ஸ்பார்க்ஸ் அந்த வருசம் ஏஎச்எல்லின்ர சிறந்த கோலி. அடுத்த ஒக்ரோபரில அவரை மேல வச்சிருக்கிறதுக்காக லீஃப்ஸ் கேர்ட்டிஸ் மக்கெல்ஹினியையும் கல்வின் பிக்கார்டையும் வேவர்ஸ்ல விட்டது, ஒரே நாளில ரெண்டு பேரும் போயிட்டினம். மக்கெல்ஹினி கரோலைனாவோட கொன்ஃபரன்ஸ் ஃபைனல் (அரையிறுதி) மட்டும் போனவர். பிக்கார்ட் அதுக்குப் பிறகு வருசக்கணக்கா ஏஎச்எல்ல, கிராண்ட் ரபிட்ஸ், பேக்கர்ஸ்ஃபீல்ட் எண்டு அலைஞ்சவர், 2025 ஜூன்ல எட்மன்டனுக்கு என்எச்எல் கிண்ணமான ஸ்டான்லி கப் ஃபைனல்ல வலையில நிண்டவர், 33 வயசில. நாலாவது ஆட்டத்தில 3-0 பின்னுக்கு நிக்கேக்க உள்ள வந்து, ஓவர்ரைமில வெண்டு குடுத்தவர். அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரையே வரேல்லை, அவ்வளவு சந்தோசம். எட்மன்டன் கிண்ணம் எடுக்கேல்லை எண்டது வேற விசயம்.

#7 அபட்ஸ்ஃபோர்ட்_செல்வம்

கிண்ணம் எடுத்த ஊரிலிருந்து ஒருவன் எழுதுறன், இவ்வளவு நேரம் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.

இங்க பஞ்சாபிச் சனம் அதிகம், அர்ஷ்தீப் பெய்ன்ஸ் பனியில இறங்கினால் அரங்கமே வேற மாதிரிச் சத்தம் போடும். பக்கத்து சரேப் பெடியன். டிராஃப்ட்ல எடுபடாமல் ரெட் டியரில இருந்து கடைசி வருசம் 112 புள்ளி எடுத்து மேற்கு ஜூனியர் லீக்கிலயே முதலாவதா வந்த பிறகுதான் வான்கூவர் ஒப்பந்தம் போட்டது. 2024 பெப்ரவரியில முதல் என்எச்எல் ஆட்டம், டென்வரில. அங்க இருந்து இண்டை வரைக்கும் மேல போறதும் கீழ வாறதுமாத்தான். அவர் கீழ வந்த முதல் ஆட்டத்தில எப்பிடி ஆடுறார் எண்டதை நான் கவனிச்சுப் பாக்கிறனான், ஒரு நாளும் முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு ஆடினதை நான் காணேல்லை, முதல் ஷிஃப்ட்டிலயே மூலைக்குள்ள பக்குக்கு (ஆட்ட வட்டு) முட்டி மோதப் போவார்.

அந்தக் கிண்ணம் எடுத்த ரீமின்ர கோச் மன்னி மல்ஹோத்ராவும் அப்பிடித்தான். தகப்பன் பஞ்சாபிக்காரர், இவர் மிசிசாகாப் பிள்ளை. என்எச்எல்ல 991 ஆட்டம், முதல் சுற்றில ஏழாவதா எடுபட்டும் கடைசியில ஃபேஸ்-ஓஃப் (நடுவர் பக்கைப் போட ரெண்டு பேர் அதுக்கு மோதுறது) எடுக்கிறது, பெனால்டி கில் செய்யிறது எண்ட வேலைகளாலதான் அவ்வளவு காலம் நிலைச்சவர். இந்தப் பெடியளுக்கு அதைச் சொல்லிக் குடுக்க அவரை விட ஆர்? தலைமைக் கோச்சா முதல் சீசனே கிண்ணம். லீஃப்ஸ்ல உதவிக் கோச்சா இருந்திட்டு இந்த லீக்குக்கு இறங்கி வந்தவர், அதையும் மறக்கக் கூடாது. கோச்மாருக்கும் இதுதான் படி. மார்லீஸ்ல கிண்ணம் எடுத்த ஷெல்டன் கீஃப், நோர்ஃபோக்கில 28 ஆட்டம் தொடர்ந்து வெண்ட ஜொன் கூப்பர், எல்லாரும் இங்க இருந்துதான் போனவை.

#8 தென்றல்77

செல்வம் அண்ணா, சூப்பர்.

காசு விஷயத்தையும் சேர்த்துக்கலாம். டூ-வே ஒப்பந்தம்னா மேல இருந்தா ஒரு சம்பளம், கீழ இருந்தா வேற சம்பளம், நாள் கணக்குல. மேல குறைஞ்சபட்சம் 2025-26ல 775,000 டாலர், சீசன் நாளால வகுத்தா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 4,000. புதுசா போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துல 2026-27ல இது 850,000 ஆகுது, நாலு சீசன்ல 10 லட்சம் வரைக்கும் போகும். கீழ கிடைக்கறது இதுல சின்ன பங்கு. முன்னாடியெல்லாம் சம்பள வரம்பு கணக்குக்காக ஆட்டம் இல்லாத நாள்ல விலக்கு இருக்கற பையனை பேப்பர்ல மட்டும் கீழ அனுப்பி மறுநாள் கூப்பிட்டுக்குவாங்க, அந்த ஒரு நாளும் அவன் சம்பளத்துலதான் குறைஞ்சுது. என்னைக் கேட்டா அது தப்பு. விதியில இடம் இருந்துச்சு, அதுக்காக சரின்னு சொல்லிட முடியாது.

அப்புறம் உடம்பு. 72 ஆட்டம், பெரும்பாலும் வாரக் கடைசில, வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள்ல மூணு ஆட்டம் சாதாரணம். கிழக்குல ராத்திரி முழுக்க பஸ்ல வந்து அடுத்த நாள் மத்தியானம் ஆடணும். அந்த மூணாவது ஆட்டத்தோட கடைசி பீரியட்ல யார் இன்னும் பின்னாடி ஓடி வந்து டிஃபென்ஸ் பண்றாங்கன்னு பாருங்க, மேல இருந்து வர்ற ஸ்கவுட் அதத்தான் எழுதிட்டு போறாங்கன்னு நான் நம்பறேன்.

#9 நீலக்கோடு

இன்னொரு விதி நிறைய பேருக்கு தெரியாது. ஏஎச்எல்ல ஒரு ஆட்டத்துக்கு இறங்கற 18 ஸ்கேட்டர்ல 13 பேர் வளர்ற பசங்களா இருக்கணும். அதுல 12 பேர் 260 புரொஃபஷனல் ஆட்டத்துக்கு மேல ஆடியிருக்கக் கூடாது, ஒருத்தருக்கு 320 வரைக்கும் இடம். இது நல்ல விதி, பழைய ஆளுங்களா சேர்த்து கிண்ணம் அடிக்க முடியாது. ஆனா இதுக்கு ஒரு மறுபக்கம் இருக்கு. 27 வயசுல 320 தாண்டின ஒருத்தன், மேலயும் இடம் இல்ல, கீழயும் அனுபவசாலிக்குன்னு இருக்கற அஞ்சு இடத்துக்கு அடிச்சுக்கணும். அப்ப ஸ்வீடன், சுவிஸ், ஜெர்மனின்னு கிளம்பிடுவாங்க. நாம மறந்துடற பேரு எல்லாம் அங்க நல்லா ஆடிட்டுதான் இருக்கு.

#10 கடைசிவலை_மொன்றியல்

எங்கட ஊர்க் கோச்சைச் சொல்லாமல் விட்டா எப்பிடி. மார்ட்டின் சென் லூயி, 5 அடி 8 அங்குலம், டிராஃப்ட்ல இல்லை, கால்கரி ஒப்பந்தம் போட்டு தங்கட ஏஎச்எல் ரீமான செயின்ற் ஜோனில வச்சிருந்து 2000ல விட்டிட்டுது. ராம்பா எடுத்தது. 2004ல ஸ்டான்லி கப், ஹார்ட் விருது (என்எச்எல் எம்விபி), புள்ளியில முதலிடம், எல்லாம் ஒரே சீசன்.

மற்றது பின்னிங்டன். சென்ற் லூயிஸ் 2011ல எடுத்த கோலி, ஒரு வருசம் அவையளுக்குச் சொந்தமா ஏஎச்எல் ரீமே இல்லாமல் இவரை பொஸ்ரனின்ர பெடியளோட பிராவிடன்ஸ்ல ஆட இரவல் குடுத்தவை. 2019 ஜனவரி துவக்கத்தில சென்ற் லூயிஸ் லீக்கிலயே கடைசி இடம். அந்த ஜனவரியில இவரை இறக்கினவை, முதல் ஸ்டார்ட்டே ஷட்-அவுட், ஜூன்ல கிண்ணம். 25 வயசு. 23 வயசில "இவன் சரிவராது" எண்டு இங்க எழுதுற ஆக்கள் இதைத் தயவுசெய்து வாசியுங்கோ.

#11 ரமணன்_ஸ்காபரோ

வயசுக் கதை வந்ததால எங்கட ஸ்காபரோப் பெடியனைச் சொல்லாமல் விடேலாது. மைக்கல் பன்ரிங். இங்க பிறந்து வளர்ந்தவர், 2014ல நாலாவது சுற்றில அரிசோனா எடுத்தது, ஸ்பிரிங்ஃபீல்ட், பிறகு ரூசான் எண்டு ஏஎச்எல்லிலயே வருசங்கள் போச்சு, லீஃப்ஸுக்கு வர முதல் மொத்தமா 26 என்எச்எல் ஆட்டம். 2021ல லீஃப்ஸ் 950,000 வீதம் ரெண்டு வருசத்துக்கு எடுத்தது. அப்பத்தைய நட்சத்திரங்கள் மத்யூஸ், மார்னரோட விட்டினம், 63 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதில கடைசி மூண்டு பேருக்குள்ள. செப்ரெம்பர் 15க்கு முதல் 26 வயசு ஆகியிருந்தா புதுமுகம் எண்டு எண்ணப்பட்டிருக்க மாட்டார், அவருக்கு 17ம் திகதிதான் 26 ஆனது.

அவர்ர ஆட்டத்தைப் பாருங்கோ. ஸ்கேட்டிங்ல பெரிய வேகம் இல்லை. வலைக்கு முன்னால நிண்டு அடி வாங்குவார், எதிர் ரீம்காரரைக் கோபப்படுத்திப் பெனால்டி எடுத்துத் தருவார், மூலைக்குள்ள பக்கை எடுத்து நட்சத்திரங்களுக்குக் குடுப்பார். லீஃப்ஸ்ல காலியா இருந்த வேலை அதுதான். இதைத்தான் துவக்கத்தில சொன்னனான்.

ஜோயல் வோர்டும் இந்த நகரத்துப் பெடியன்தான், டிராஃப்ட் இல்லை, பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில படிச்சு, ஹூஸ்ரனில ஏஎச்எல் ஆடி, நிரந்தர இடம் கிடைக்கேக்க 27. இன்னும் வேணுமெண்டால் ஜொனி பவர், 1958ல லீஃப்ஸுக்கு வரேக்க 33, அதுக்கு முதல் கிளீவ்லன்ட், பிராவிடன்ஸ் எண்டு கீழ் லீக்கில பத்து வருசத்துக்கு மேல. பிறகு நாலு ஸ்டான்லி கப்.

#12 மிசிசாகா_வாசுகி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு. மகனுக்கும் வாசிச்சுக் காட்டினனான். அவன்ர ரீமில பெற்றோர் எல்லாம் இப்பவே ஓஎச்எல் (ஒன்ராறியோ ஜூனியர் லீக்) டிராஃப்ட்டைப் பற்றித்தான் கதைக்கினம், சிலர் ஜூனியருக்குப் போகாமல் அமெரிக்கக் கல்லூரிக்கு விடுறது நல்லம் எண்டினம். ஜூனியருக்குப் போனா கல்லூரி இல்லை எண்டுதான் நான் கேள்விப்பட்டிருந்தனான். இப்ப மாறிட்டுது எண்டு ஒருத்தர் சொன்னார். எனக்கு அவன் என்எச்எல் போகவேணும் எண்டு இல்லை, படிப்பு விடுபடக் கூடாது, அதுதான் பயம்.

#13 நீலக்கோடு

மாறிடுச்சுக்கா. 2024 நவம்பர்ல அமெரிக்க கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ முடிவெடுத்தாங்க, 2025 ஆகஸ்ட் 1லேர்ந்து ஓஎச்எல் மாதிரி கனடா ஜூனியர் லீக்ல ஆடின பையனும் அமெரிக்க கல்லூரில ஆடலாம். முன்னாடி ஒரு ஆட்டம் ஆடினாலே அந்தக் கதவு மூடிடும். கேவின் மெக்கென்னா, 2026 டிராஃப்ட்ல முதல் ஆளா போவான்னு எல்லாரும் சொன்ன பையன், 2025ல மெடிசின் ஹாட் ஜூனியர் டீம்ல இருந்து பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு போனான்.

இன்னொண்ணு, ஜூனியர்ல இருந்து டிராஃப்ட் ஆன பையன் 20 வயசு ஆகற வரைக்கும் ஏஎச்எல்ல ஆட முடியாதுங்கறதுதான் 2025-26 வரைக்கும் விதி, மேல வச்சுக்கோ இல்ல ஜூனியருக்கே திருப்பி அனுப்பு. 2026-27லேர்ந்து டீமுக்கு ஒரு 19 வயசு பையனை ஏஎச்எல்ல வச்சுக்கலாம்னு புது ஒப்பந்தத்துல வந்திருக்கு. உங்க மகன் அந்த வயசுக்கு வரும்போது இது இன்னும் மாறியிருக்கலாம்.

என் கருத்து கேட்டா, 14ல முடிவெடுக்க வேண்டியது ஒண்ணுமே இல்ல. ஜூனியர்ல 68 ஆட்டம், பஸ் பயணம், பதினாறு வயசுல வேற ஊர்ல வேற குடும்பத்தோட தங்கணும். கல்லூரில ஆட்டம் அதுல பாதிதான், பெரும்பாலும் வெள்ளி சனி, வாரத்துல மிச்ச நாள் ஜிம்மும் வகுப்பும். உடம்பு தாமதமா வளர்ற பையனுக்கு கல்லூரி பொருந்தும்.

#14 ரமணன்_ஸ்காபரோ

வாசுகி, ஓஎச்எல் ரீம்கள் ஆடுற ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருசப் படிப்புச் செலவு எண்டு ஒப்பந்தத்தில எழுதித் தாறது வழக்கம், ஆனால் பெடியன் புரொஃபஷனல் ஒப்பந்தத்துக்குப் போனால் அது எப்ப இல்லாமல் போகும் எண்டு எழுதியிருக்கும். அந்தப் பந்தியை ஆராவது விளங்கின ஆளைக் கொண்டு வாசிப்பியுங்கோ, கையெழுத்து வைக்க முதல். ஒக்ரோபரில மார்லீஸ் துவங்கேக்க மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, டிஃபென்ஸ் பெஞ்சுக்குப் பின்னால இருந்து பாக்கிறது நல்லம், பெனால்டி கில்லுக்கு கோச் ஆரைத் தட்டி இறக்கிறார் எண்டு அங்க இருந்தால் வடிவாத் தெரியும்.